கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஒரு சத்தம்

சத்தம் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான். சென்னைக்கு வெளியே ஒரு கார்த் தொழிற்சாலையில், எறும்பு நடந்தால்கூடக் கேட்கிற ஓர் அறையில் உட்கார்ந்து, புது வண்டிகளில் எங்கே முனகுகிறது, எங்கே உறுமுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இருபது வருடமாகச் செய்கிறேன். என் கணவரின் குறட்டையை மட்டும் இன்னும் சரிசெய்ய முடியவில்லை. அது எங்கள் கம்பெனித் தயாரிப்பு இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெர்மனிக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தார்கள். விசா வரவில்லை. வாங்கி வைத்த ஸ்வெட்டரைப் பார்த்தபடி, போட்ட லீவை என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோது கம்பத்திலிருந்து தங்கை கோமதி போன் செய்தாள்.

"அக்கா, எங்க ஜீப்புல ஒரு சத்தம் வருது. யாருக்கும் புடிபடல. வந்து கேட்டுட்டுப் போயேன்."

கோமதியின் கணவர் சுருளிவேல் தோட்ட ஜீப் ஓட்டுகிறார். கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, மலைமேல் கேரளா பக்கம் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குவார்கள். அப்படிப் போகிற ஜீப்புகளில் ஒன்று அவருடையது. இரண்டு மாதமாக ஏற்றத்தில் ஏதோ சத்தம். வண்டி நடுமலையில் பல்லிளித்துவிடும் என்று பெண்கள் பயந்துபோய், ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் போகாவிட்டால் திங்கள் முதல் வேறு ஜீப்பில் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். காய் எடுக்கிற சீசன் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. இப்போது ஆள் போனால் சீசன் முழுக்க வண்டி வாசலில்தான் நிற்கும்.

வியாழக்கிழமை காலை தேனியில் இறங்கிப் பஸ் மாறினேன். காற்று மாதம். துப்பட்டாவைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா என்று எனக்கும் காற்றுக்கும் ஒரு போட்டியே நடந்தது. நின்றுகொண்டிருந்த கம்பம் பஸ்ஸின் அடியிலிருந்து ஒரு கிரீச் வந்தது. பழக்க தோஷத்தில் குனிந்து காது கொடுத்தேன்.

"எம்மா, ஏறுறதுன்னா ஏறு. அடியில என்னத்தப் போட்ட?" என்றார் கண்டக்டர்.

சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மடியிலிருந்து ஒரு கொத்துத் திராட்சையை எடுத்து, கேட்காமலே என் கையில் வைத்தார். சென்னையில் பஸ்ஸில் யாராவது எதையாவது சாப்பிடக் கொடுத்தால் போலீஸுக்குப் போன் செய்யத் தோன்றும். இங்கே வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. கம்பம் வருவதற்குள் காம்பு மட்டும்தான் மிச்சம்.

கோமதி கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். செங்கல்பட்டில் என்னோடு பிறந்து வளர்ந்தவள், பதினைந்து வருடத்தில் பேச்சிலும் குழம்பிலும் முழுக்கக் கம்பத்துக்காரி ஆகிவிட்டாள். சுருளி வண்டியைக் கழுவ வெளியே போனதும் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள்.

"முன்னாடி எங்க வீட்டுக்காரவுக பதினேழு பேர ஏத்துவாக. எல்லா ஜீப்புலயும் அப்படித்தான். சித்திரையில எட்டாவது வளைவுல வண்டி ஏற மாட்டாமப் பின்னாடி உருண்டுருச்சு. ஓரக்கல்லுல சக்கரம் முட்டி நின்னுச்சு. பதினேழு பேரும் பொழச்சது சாமி புண்ணியம். அன்னிக்குத்தான் சத்தியம் வாங்குனேன், இனிமே பத்துப் பேருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு. ஏத்துறதில்ல. இப்ப இந்தப் பத்துப் பேரும் போயிட்டா, அவுக மறுபடி பழைய மாதிரி இழுத்துப் போட்டுக்கிட்டுப் போவாகளோன்னு பயமா இருக்கு அக்கா."

சத்தம் என்னவோ ஜீப்பில்தான். தூக்கம் போனது இவளுக்கு.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் புறப்பட்டோம். பெண்களில் ஒருத்தி மகளின் பேறுகாலத்துக்காக ஊருக்குப் போயிருந்ததால் பத்தாவது இடம் எனக்குக் கிடைத்தது. நான் வண்டிக்கு அடியில் படுத்துக் காந்தம் வைத்த மைக்கை ஒட்டினேன். பின்வாசல் ஓரத்தில் உட்காரும் செல்லத்தாயிதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா, வண்டிக்குக் காய்ச்சல் பாக்குறியா? எம்புட்டு இருக்கு?"

"இன்னும் தெரியலக்கா."

"காய்ச்சல் இல்ல, வாயுவுதான்" என்றாள் இன்னொருத்தி. ஜீப்பே குலுங்கியது.

மலையேற ஆரம்பித்ததும் சத்தம் வந்தது. இரண்டாவது கியரில், வண்டி முக்கி இழுக்கிற நேரத்தில், தரைக்கு அடியில் ஒரு அதிர்வு. ஊம் என்று ஆரம்பித்து, கடகடவென்று உள்ளங்காலில் ஏறி, முழங்காலில் போய் நின்றது. பெண்களில் ஒருத்தி உரலில் உப்பு இடிக்கிற மாதிரி என்றாள். இன்னொருத்தி, இல்லை, அது தன் மாமியார் முறுக்குத் தின்கிற மாதிரி என்றாள். இரண்டுமே சரியாகத்தான் இருந்தது. எங்கள் அறிக்கையில் இப்படி எழுத முடியாது என்பதுதான் வித்தியாசம்.

மேலே தூவானம் விழுந்துகொண்டிருந்தது. ஜெர்மனிக்கு வாங்கிய ஸ்வெட்டரைக் கம்பம்மெட்டில் போட்டுக்கொண்டேன். கடைசியில் நான் எல்லை தாண்டத்தான் செய்தேன், விசா இல்லாமல். பெண்கள் தோட்டத்துக்குள் போனதும் ஒரு சாயாக்கடையில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டுவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் தலையை விட்டேன். சாயாக்கடை வாசலில் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"அந்த அம்மா ரொம்ப நேரமாக வண்டிக்கு அடியிலேயே இருக்கிறாளே, பூனைக்குட்டி ஏதாவது மாட்டிக்கொண்டதோ?"

"பூனைக்குட்டி என்றால் இதற்குள் கத்தியிருக்கும். இவள்தான் ஏதோ தொலைத்துவிட்டாள்."

சாயங்காலம் இறங்கியதும் நேரே மெக்கானிக் ஷெட். அவர் பெயர் என்னவோ, ஊரில் எல்லாரும் ராவுத்தர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டு மெக்கானிக் வேலை பார்க்கும் ஓர் ஆளை அன்றுதான் பார்த்தேன். சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ் கிடையாது.

"கிளட்ச் மாத்தியாச்சு. கியர்பாக்ஸ எறக்கிப் பாத்தாச்சு. கிராஸ் ரெண்டு தடவ மாத்திட்டேன் தங்கச்சி" என்றார். என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுற்றலைக் கொண்டுபோகும் நீளமான இரும்புத் தண்டின் இரண்டு முனையிலும் இருக்கும் மூட்டுக்கு இங்கே கிராஸ் என்று பெயர். "மாத்துனா மூணு நாளு கொறையுது. நாலாம் நாளு மறுபடி வந்து நிக்கிறாரு உங்க மாப்ள."

நான் லேப்டாப்பைத் திறந்து பதிவு செய்த சத்தத்தின் வரைபடத்தைக் காட்டினேன். ராவுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாகப் பார்த்தார்.

"மேற்கு மலைத்தொடர அப்படியே வரைஞ்சிருக்கு. இதுல சத்தம் எங்கன இருக்கு?"

தண்டுதான், சந்தேகமில்லை என்றேன். தண்டுதான்னு எனக்கும் தெரியும், ஏன்னு தெரிஞ்சாத்தான வேலை முடியும் என்றார் அவர். நான் லேப்டாப்பை மூடினேன். சுருளி கடையிலிருந்து பரோட்டா வாங்கிவந்து, எங்கள் இரண்டு பேருக்கும் சால்னா ஊற்றினார். அவருக்கு மிச்சம் இருந்தது இரண்டு நாள்.

சனிக்கிழமை எட்டாவது வளைவு வரை வெள்ளிக்கிழமை மாதிரியே எல்லாம் நடந்தது. அதே ஊம், அதே கடகட. வளைவில் வேறொரு ஜீப் பஞ்சராகி நின்றது. மாற்று டயரும் பஞ்சர். தூவானத்தில் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, வேறு வண்டியில் இடம் கிடைக்காத ஏழு பெண்கள் ரோட்டோரம் நின்றார்கள். நடுவில் நின்றவளைப் பார்த்ததும் நம் வண்டிப் பெண்கள் கைதட்டினார்கள்.

"பேச்சிடீ!"

சித்திரை வரை சுருளியின் ஜீப்பில் வந்துகொண்டிருந்தவள் இந்தப் பேச்சி. பத்துப் பேர் என்று ஆனபோது இடம் இழந்த ஏழு பேரில் அவளும் ஒருத்தி. ஆள் நல்ல உருவம். குரல் அதைவிடப் பெரிது.

"சுருளி, ஏழு மணிக்கு மேல போனா தோட்டத்துல திருப்பி அனுப்பிருவாக. ஏத்திக்கப்பா" என்றாள்.

சுருளி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மனைவிக்குக் கொடுத்த சத்தியம் ஒருபக்கம், மனைவியின் அக்கா இன்னொரு பக்கம். நான் மலையைப் பார்த்தேன். ஏழு பேருக்கு ஒரு நாள் கூலி போகிறது என்று தெரிந்தபின் நான் மட்டும் என்ன சொல்ல?

"இன்னிக்கு ஒரு நாளுதான் மதினி. கோமதிகிட்டச் சொல்லிராதீக" என்றார்.

ஏழு பேரும் ஏறினார்கள். பேச்சி பாதி என் மடியிலும் பாதி செல்லத்தாயி மடியிலுமாக உட்கார்ந்தாள். வண்டி முக்கிக்கொண்டு கிளம்பியது. ஒன்பதாவது வளைவு போனது. பத்தாவது போனது. செல்லத்தாயிதான் முதலில் சொன்னாள்.

"ஏலே சுருளி, சத்தம் எங்க?"

சத்தம் இல்லை. இரண்டாவது கியர், வண்டி முக்குகிற ஏற்றம், உள்ளங்காலில் ஒன்றுமே இல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பார்த்தேன். தரை தூங்குகிற மாதிரி இருந்தது.

"நான் ஏறுனேன்ல" என்றாள் பேச்சி.

செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பேச்சியோடு ஏழு பேரும் யாரும் சொல்லாமலே இறங்கி, ஏதோ காலை நடைக்கு வந்தவர்கள் மாதிரி கைவீசி நடந்தார்கள். ஆள் கூடுதலாக ஏற்றும் ஜீப்புகளில் இது வழக்கமாம். நாங்கள் பத்துப் பேரோடு கிளம்பினோம். ஊம், கடகட. செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு வளைவில் நின்றோம். காலை நடை முடித்தவர்கள் ஏறினார்கள். சத்தம் நின்றது.

இனி யாருக்கு என்ன சந்தேகம்? பேச்சி இறங்கிய நாளில் ஆரம்பித்தது, ஏறிய நாளில் நின்றது, அவள் கைராசிதான் என்று பதினாறு பேர் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். பேச்சி தன் கையை ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். இருபது வருடம் படித்ததும் கேட்டதும் ஒரு கைராசியிடம் தோற்பதா?

சாயாக்கடையில் பால் ஊற்றாத கட்டஞ்சாயாவை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியிலேயே நிறுத்தினேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு மூலையில் மணல்மூட்டைகள் அடுக்கியிருக்கும். ஆளுக்குப் பதிலாக அதைச் சீட்டில் வைத்து ஓட்டிப் பார்ப்போம். எடை ஏற்றியும் பார், இறக்கியும் பார் என்பது வேலைக்குச் சேரும் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். நான் மைக்கைக் கொண்டுவந்தேன், லேப்டாப்பைக் கொண்டுவந்தேன், அந்தப் பாடத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எழுந்துபோய் மூன்றாவது முறையாக வண்டிக்கு அடியில் தலையை விட்டேன். இந்தமுறை தண்டைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால், வண்டியின் பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகளை எண்ணினேன். பக்கத்துக்கு ஒன்று கூடுதலாக இருந்தது.

"தம்பி, இந்தப் பட்டை எப்பப் போட்டீங்க?"

"வண்டி வாங்குன அன்னிக்கே. பதினேழு பேரு ஏறுனா பின்பக்கம் குந்திரும்ல. அதுக்குத்தான்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"இதென்ன சொல்றதுக்கு மதினி? மாலை போடுறோம், எலுமிச்சம்பழம் வைக்கிறோம், பட்டை போடுறோம். எல்லா ஜீப்புலயும் உண்டு" என்றார் சுருளி. அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. சக்கரம் இருப்பதை யாராவது தனியாகச் சொல்வார்களா என்பது மாதிரித்தான் பார்த்தார்.

சாயங்காலம் ஷெட்டில் சொன்னதும் ராவுத்தர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூட்டை தூக்குறவன் மூட்டைய எறக்குனதும் நிமிந்துருவான்ல, அந்த மாதிரி ஏழு பேரு கொறஞ்சதும் வண்டி நிமிந்து நிக்குது. அது நிமிந்ததுல தண்டு அளவுக்கு மேல சாஞ்சு சுத்துது. கிராஸு என்ன செய்யும், கதறும். நானே போட்ட பட்டை, எனக்கே தோணல பாருங்க." பிறகு சுருளியைப் பார்த்தார். "ரெண்டு வழிதான். ஒண்ணு பட்டையக் கழத்தணும். இல்லைன்னா ஆள ஏத்தணும்."

சுருளி குனிந்து பட்டையைத் தடவிப் பார்த்தார். பட்டையைக் கழற்றிவிட்டால் பதினேழு பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆளை ஏற்றினால் ஸ்பேனரே எடுக்க வேண்டாம், சத்தம் போய்விடும், பெண்களும் இருப்பார்கள், பேச்சியும் வந்துவிடுவாள். அவர் மனது எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்க மைக் தேவைப்படவில்லை. காலையில சொல்றேன் ராவுத்தரே என்று வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோமதி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் ரகசியத்தைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு மூன்று தோசை சாப்பிட்டிருந்தேன். அப்போது வாசலில் பேச்சி.

"ஏ கோமதி, ஒம் புருசன் சொன்னாரா? நேத்துப் பதினேழு பேரும் ஜம்முன்னு போனோம்ல! சத்தம் போன எடம் தெரியல. நாளையிலருந்து நாங்க ஏழு பேரும் இங்கனயே வந்துர்றோம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

கோமதி தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். கல்லில் இருந்த தோசை கருகியது. பேச்சிக்கே ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்து, வந்த வேகத்தில் போய்விட்டாள்.

சுருளி, இரக்கப்பட்டுத்தான் ஏற்றினேன் என்றார். அது உண்மை. ஒரு நாள்தான் என்றார். அதுவும் உண்மை. கோமதி கண்ணைத் துடைக்காமல் பேசினாள்.

"தெனமும் சாயங்காலம் தெருமுனையில அந்தக் கடகட கேட்டாத்தான் எனக்கு மூச்சே வருது. சத்தத்தோடயே ஓட்டுங்க. பத்துப் பேரும் போனாலும் போகட்டும். நீங்க வீட்டுக்கு வரணும்."

போனில் சத்தம், சத்தம் என்று இவள் சொன்னபோதெல்லாம் நான் வண்டியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சுருளி கருகிய தோசையை எடுத்துத் தின்றுவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"வாங்க மதினி, ராவுத்தரப் பாத்துட்டு வருவோம்."

மத்தியானத்துக்குள் இரண்டு பட்டைகளும் தரையில் கிடந்தன. பின்பக்கம் ஒரு சாண் இறங்கி, ஜீப் பார்ப்பதற்கே சாதுவாகிவிட்டது. புது கிராஸ் போட்டு, நானும் ராவுத்தரும் ஷெட்டில் இருந்த எட்டுப் பேருமாக மலையில் இரண்டு வளைவு வரை ஏறிப் பார்த்தோம். தரை தூங்கியது. ராவுத்தர் வெள்ளைச் சட்டையில் முதன்முறையாக ஒரு கிரீஸ் விரல் பதிந்திருந்தது. அது என் விரல்.

கிளம்பும்போது சுருளி அந்தப் பட்டைகளைக் கோணியில் சுற்றி வண்டியில் வைத்தார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அதைக் குளியலறைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். கோமதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலை நானும் கிளம்பி நின்றேன். பெண்கள் தூக்குவாளிகளோடு ஏறினார்கள். இரண்டு நாளாக நான் உட்கார்ந்த பத்தாவது இடத்தில் பேச்சி உட்கார்ந்திருந்தாள். செல்லத்தாயி கூப்பிட்டு வைத்திருக்கிறாள்.

"நான் சும்மா ஓரமா நின்னுக்கறேன் தம்பி. மேல எப்படி இருக்குன்னு கேக்கணும்."

"பத்துக்கு மேல ஏத்துறதில்ல மதினி" என்றார் சுருளி.

"நான்தானே கண்டுபிடிச்சேன்?"

"யாரா இருந்தாலும் பத்துதான்."

ஜீப் முழுக்கச் சிரிப்பு. வாசலில் நின்ற கோமதியும் சிரித்தாள். நான் வந்த நாலு நாளில் அவள் பல்லை அன்றுதான் பார்த்தேன். சத்தம் கேட்பதற்காகச் சென்னையிலிருந்து வந்தவள், அந்தச் சத்தம் இல்லாமல் போனதைக் கேட்க முடியாமல் தெருவில் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துச் செல்லத்தாயி போன் செய்தாள்.

"ஏத்தா, வண்டி மெத்து மெத்துன்னு போகுது. இப்பப் பேச்சி பேசுறது மட்டுந்தான் கேக்குது. அதுக்கு எந்தப் பட்டையக் கழத்துறதுன்னு ராவுத்தர்கிட்டக் கேட்டுச் சொல்லு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கோமதி கோணிமூட்டையை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பின்னாடி ஏறு. அவுக வர்றதுக்குள்ள வந்துரணும்."

கொல்லுப்பட்டறைக்காரர் பட்டையைத் தட்டிப் பார்த்து, நல்ல இரும்பு, இதுல அடிச்சா மழுங்கவே மழுங்காது, என்ன வேணும் என்று கேட்டார்.

"எத வேணும்னாலும் அடிங்கண்ணே" என்றாள் கோமதி. "திரும்ப ஜீப்புல மாட்ட முடியாததா இருந்தாச் சரி."

சாயங்காலம் சுருளி வந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றபிறகுதான் கோமதி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவள் தரையில் உட்கார்ந்து புது அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூலையில் ஆறு அரிவாள்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. அரிவாள்மனையின் அடிப்பக்கத்தில், பட்டைகளைச் சேர்த்து முடுக்கும் போல்ட்டுக்கான ஓட்டை அப்படியே இருந்தது. சுருளி அந்த ஓட்டையைப் பார்த்தார். குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுபடி ஓட்டையைப் பார்த்தார்.

"நல்லா வெட்டுதா?" என்று கேட்டார்.

"வெட்டுது."

"சரி, சோத்தப் போடு" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.